ஓய்வில் ஒரு படம்

இரண்டு மடக்குதான். இரண்டு மடக்கு என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் ருசி பார்க்கத்தான். காலையில் ஐந்தேகாலுக்கு இவருக்குக் காப்பி கலந்து கொடுத்தேன், இவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்து, “சீனி கூடிப்போச்சா பாரு செம்பா” என்று டம்ளரை என்னிடமே நீட்டினார், நான் வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷமாக இப்படித்தான். இவர் நீட்டுவார், நான் பார்ப்பேன், சீனி சரியாகத்தான் இருக்கும், சரியாத்தான் இருக்கு என்பேன், அதற்கப்புறம்தான் இவருக்குத் தொண்டையில் இறங்கும். கை நீண்டால் கை வாங்கிக்கொள்கிறது, அதற்கு மூளை எதற்கு. இப்போது மணி எட்டு இருபது. பாளையங்கோட்டையில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தரைக்குக் கீழே ஒரு தளம் இருப்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். படி இறங்கி வந்தால் நீளமாக ஒரு அறை, சுவரோரம் ஸ்டீல் நாற்காலிகள், உட்கார்ந்தால் சேலையைத் தாண்டிக் குளிர்கிறது. என் இடது புறங்கையில் ஊசியைக் குத்தி பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இவர். மடியில் மஞ்சள் பை, பைக்குள் என் பதினாறு வருஷத்துச் சர்க்கரைச் சோதனைக் காகிதங்கள், தேதிவாரியாக. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தக் கம்பத்தில் எந்த வருஷம் கம்பி மாற்றினார்கள் என்று சொல்லக்கூடியவர், என் ரத்தத்தை மட்டும் விட்டுவிடுவாரா. ஊசி குத்தும்போது அந்தப் பெண், பியூலா என்று சட்டையில் பெயர் இருக்கிறது, கையில் அட்டையை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். ஆஸ்துமா உண்டா, போன தடவை எப்போது மாத்திரை போட்டது, “காப்பி, டீ, சாக்லேட் எதுவும் நேத்துலருந்து எடுக்கலைல்லாம்மா?” நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது நிஜம். ஆனால் பதில் இவர் வாயிலிருந்து வந்தது. “ஒரு சொட்டு தொடலம்மா. நான் கூடவே இருந்து பாத்துக்கிட்டேன்லா.” பியூலா ஒரு டிக் அடித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூடிய வாயை மறுபடி திறப்பது ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது. எழுந்து நாலு எட்டு நடந்து அந்தக் கதவைத் தட்டி, அம்மா நான் குடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. ஆனால் இவர் இருக்கிறார். நான் சொன்னால் இவர் பொய் சொன்னதாக ஆகும், இவர் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார், டம்ளரை நீட்டிய கையையே மறந்துவிட்டார். அதுவும் போக இன்றைக்கு என் பேருக்கு மருந்து வந்தாயிற்று. படத்துக்காகப் போடும் அந்தக் கதிர்வீச்சு மருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வருமாம், ஈயப் பெட்டியில், இத்தனை பேர் என்று கணக்குச் சொல்லி வரவழைப்பார்களாம், வந்த அன்றைக்கே போட்டாக வேண்டும், நாளைக்கு வைத்திருந்தால் வீணாகிவிடும். மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த இடம். இரண்டு மடக்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா. போன வாரம் போனில் பியூலாதான் சொல்லியிருந்தாள், நிதானமாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல. “கால்ல புண் இருந்ததுனால உங்களை மிஷின்ல நடக்கவிட முடியாதும்மா. நடக்கிறதுக்குப் பதிலா வேற ஒரு மருந்து ஏத்துவோம், அது இதயத்துக்குப் போற குழாயெல்லாம் விரிக்கும். அப்ப எந்தப் பக்கம் ரத்தம் நல்லாப் போகுது, எந்தப் பக்கம் போகலைன்னு படத்துல தெரியும். போற இடம் வெளிச்சமா இருக்கும், போகாத இடம் இருட்டா இருக்கும். காப்பி குடிச்சிட்டு வந்தீங்கன்னா குழாயை விரிக்கிற மருந்து வேலை செய்யாது. அடைப்பு இருந்தாலும் படம் பளிச்சுன்னு வந்துரும். நாங்களும் ஒண்ணுமில்லைன்னு எழுதி அனுப்பிருவோம்.” உழைப்பில் ஒரு படம், அப்புறம் மூன்று மணி நேரம் கழித்து ஓய்வில் ஒரு படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். ஓய்வில் இருக்கும் என் இதயத்தை எங்கே போய்த் தேடி எடுப்பார்களோ, அதுதான் எனக்குத் தெரியவில்லை.

வலி என்று ஒன்று இருந்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டியிருக்காது. எல்லாம் ஒரு டிராயிங் பின் குத்தியதால் வந்தது. பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையிலிருந்து உதிர்ந்து எப்படியோ என் கேன்வாஸ் ஷூவுக்குள் போயிருக்கிறது. விளையாட்டு டீச்சர் நான், அன்றைக்கு முழுக்க மைதானத்தில் நின்றிருக்கிறேன், ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை ஐந்து பீரியட், விசில் ஊதியிருக்கிறேன், கோகோ கட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் அடிப்பக்கம் பழுப்பாக ஒட்டியிருக்கிறது. பார்த்தால் பாதத்தில் பித்தளைப் பொட்டு மாதிரி அந்தப் பின். இவர் கட்டிங் பிளேயரை எடுத்து வந்து பிடுங்கினார். “வலிக்கா?” என்றார். வலிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. புண் ஆற நாலு மாசம் ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்றைக்கு சர்க்கரை டாக்டரம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சேதி சொல்ல வேண்டிய நரம்பு சேதி சொல்லலை டீச்சர். கால் சொல்லலைன்னா நெஞ்சு மட்டும் சொல்லும்னு எப்படி நம்புறது? ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம். சுத்தமா வந்தா ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஓரளவு தைரியமா இருக்கலாம். இருட்டா இருந்தா, அது எவ்வளவு பெருசுங்கிறதைப் பொறுத்து, வரப்போறதை முன்கூட்டியே தடுக்கப் பாக்கலாம்” என்றார். இவர் உடனே, “அவளுக்கு ஒண்ணும் இல்லை டாக்டர், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்” என்றார். டாக்டரம்மா இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “எவ்வளவு நாளா அசதி?” என்று கேட்டார். எவ்வளவு நாளாகச் சேலை கட்டுகிறாய் என்று கேட்ட மாதிரி இருந்தது.

எதிரே கதவில் மஞ்சள் படம், மூன்று இறக்கை வைத்த காற்றாடி மாதிரி, அதற்குக் கீழே, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. இதை நான் உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தடவை வாசித்திருப்பேன். கோமதிக்கு இது ஒன்பதாம் மாசம். ஓசூரில் இருக்கிறாள். முதல் பிள்ளைக்கு இங்கே கூட்டிக்கொண்டு வந்து பிரசவம் பார்த்து அனுப்பினோம், இரண்டாவதுக்கு நான் அங்கே போக வேண்டும், வழக்கம் அப்படி. மூத்தவனுக்கு நாலு வயது, ஒரு இடத்தில் நிற்க மாட்டான், மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட் வேலை. வியாழக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. டாக்டரம்மா, படத்தைப் பார்க்காமல் பயணம் கிடையாது என்று சொல்லியிருக்கிறார், அதை இவர் கோமதியிடம் சொன்ன விதம், “ஒண்ணும் இருக்காது, செவ்வாக்கிழமை படம் எடுத்துட்டு அம்மா கிளம்பி வந்துருவா.” போனில் அவள், “அம்மா, பூண்டு லேகியம் அங்கேயே கிண்டிக் கொண்டாந்துரும்மா, இங்க நல்ல பூண்டு கிடைக்கலை” என்றாள். சரி என்றேன். பூண்டு உரிக்க உட்கார்ந்தவள் பாதியில் கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ, விளக்குப் போட வந்த இவர், “என்ன யோசனை?” என்றார். யோசனை ஒன்றும் இல்லை, கை எழவில்லை. என் பெண் மேல் எனக்குப் பிரியம் இல்லையா, உயிரே அவள்தான், ஆனால் அந்தப் பலகையை வாசிக்க வாசிக்க உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்க்கிறதே, அதை என்ன செய்வது. உலகத்தில் கோமதி வர முடியாத ஒரே அறை இது. அம்மா என்று கூப்பிட்டு ஒரு வேலை சொல்ல முடியாத அறை. சீ, என்ன நினைப்பு இது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா. ஆனாலும் வாசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அந்தப் பக்கம் தனியாக ஒரு நாற்காலி வரிசை, மருந்து ஏற்றி முடிந்தவர்களுக்கு. அங்கே ஒரு பெரியவர் மட்டும், இடுப்பில் கட்டம் போட்ட சாரம், தோளில் துண்டு. அவர் மகன் பத்தடி தள்ளி நின்று பேசுகிறான், கிட்டே வர வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் போல. மருந்து ஏறிய பிறகு கொழுப்பாக ஏதாவது சாப்பிட வேண்டுமாம், படம் தெளிவாக வர. பெரியவர் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீங்களும் முட்டை கொண்டாந்தீங்களாம்மா? எனக்கு வீட்ல வருஷக்கணக்கா முட்டையைக் கண்ணுல காட்டல. இவங்க புண்ணியத்துல ரெண்டு.” நான் சிரித்தேன். சிரிக்கக்கூட மூச்சுக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. “உங்களுக்கு எங்கன வலி?” என்றார். வலி ஒன்றும் இல்லை என்றேன். முட்டை பாதி வழியில் நின்றது. “வலி இல்லைன்னா பெறகு எதுக்கு வந்தீங்க? எனக்கெல்லாம் நெஞ்சு மேல நெல்லு மூட்டையைத் தூக்கி வச்ச மாதிரி. வீடே கூடிட்டு. மருமவ அழுதா பாத்துக்கிடுங்க, சண்டைக்காரி, அவளே அழுதா.” இவர் எனக்காகப் பதில் சொன்னார், “இவளுக்குச் சும்மா ஒரு செக்கப்தான் அண்ணாச்சி.” சும்மா. அந்தப் பெரியவரின் வலியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சொன்னால் யாராவது நம்புவார்களா, ஐம்பத்தெட்டு வயதில், ஒரு மனுஷனுடைய நெஞ்சுவலியைப் பார்த்துப் பொறாமை. வலி என்றால் வீடு கூடும். அசதி என்றால் ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்க்காது. அசதி எல்லோருக்கும் இருக்கிறது, பால்காரருக்கு இருக்கிறது, பஸ் கண்டக்டருக்கு இருக்கிறது, உனக்கென்ன தனியாக.

நேற்றைக்குத்தான் அது என்ன என்று எனக்கே தெரிந்தது. காப்பி இல்லாத முதல் நாள், நினைவு தெரிந்து. காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஒன்று, பதினொரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் ஒன்று, நாலரைக்கு ஒன்று, இவர் ஏழு மணிக்குக் கேட்டால் அதில் எனக்கும் அரை டம்ளர். சர்க்கரை போடாத காப்பி, அதனால் குற்றமில்லை என்று டாக்டரம்மாவே விட்டுவிட்டார். நேற்று அது இல்லாமல் போனதும் முட்டுக் கொடுத்திருந்த கம்பை உருவின மாதிரி ஆகிவிட்டது. மதியம் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். குக்கர் ஐந்து விசில் அடித்தது, எண்ணினேன், எழுந்திருக்க முடியவில்லை. தூக்கம் இல்லை. மயக்கம் இல்லை. தலைவலி இருந்தது, அது காப்பிக்காக. ஆனால் தலைவலிக்குக் கீழே இன்னொன்று இருந்தது, ரொம்ப நாளாக அங்கேயே இருந்த ஒன்று, எனக்காகக் காத்திருந்தது போல. மாடிப்படி ஏறும்போது ஒன்பதாவது படியில் நிற்கிறேனே, அது. போன விளையாட்டு விழாவில் நீளமாக ஊத வேண்டிய விசில் பாதியில் அறுந்துபோய், பிள்ளைகள் கோட்டில் தயங்கி நின்றார்களே, அது. வயசு என்று நினைத்தேன், சர்க்கரை என்று நினைத்தேன், வீட்டு வேலை, பள்ளிக்கூடத்து வேலை, மாதவிடாய் நின்றது, மாமியாருக்குப் படுக்கையில் பார்த்த ஏழு வருஷம், ஒவ்வொன்றாகப் பேர் வைத்தேன். இதயம் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இதயம் என்றால் நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சாய வேண்டும் என்றல்லவா நினைத்திருந்தேன். அதற்கு வலியால் பேச வராது, நரம்பு செத்துவிட்டது, அதனால் அசதியால் பேசிக்கொண்டிருந்திருக்கிறதோ என்னவோ. நான் அதற்குக் காப்பி ஊற்றி ஊற்றி வாயை அடைத்திருக்கிறேன்.

முடியலை டீச்சர். இதை யார் சொன்னது. பேச்சித்தாய். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இருக்கும், ஒல்லியாக, காது பெரிதாக, நானூறு மீட்டருக்கு நான்தான் தேர்ந்தெடுத்தேன், நல்ல கால். மாவட்டப் போட்டிக்கு ஒரு மாசம் இருந்தது. மூன்றாவது நாள் இரண்டாம் வளைவில் நின்றுவிட்டாள். “முடியலை டீச்சர், மூச்சு முட்டுது.” நான் என்ன சொன்னேன், அப்படியே நினைவிருக்கிறது, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “முடியலைங்கிற வார்த்தையே என் கிரவுண்டுல கிடையாது. சாக்குச் சொல்லாம ஓடு.” ஓடினாள். நாலு நாள் ஓடினாள். ஐந்தாம் நாள் வளைவிலேயே உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு அழுதாள், நான் விசிலை அவள் காதுப் பக்கத்திலேயே ஊதினேன். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு மருத்துவ முகாம் வந்தது, ரத்தம் சோதித்தார்கள், பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தச்சத்து அவளுக்கு ஆறு. ஆறு இருந்தால் நடப்பதே பெரிது என்று அந்த நர்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழம் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்லவில்லை. டீச்சர் சொல்வாளா. அவளும் வாங்கிக்கொண்டு, தேங்க்ஸ் டீச்சர் என்றாள். ஒரு காகிதத்தில் ஆறு என்று எழுதி வரும்வரை நான் நம்பவில்லை, காகிதம் வந்ததும் நம்பினேன். இப்போது இங்கே உட்கார்ந்திருப்பது யார், நானா அவளா. விசில் கைப்பையில்தான் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை என்பதால் பழக்கத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ.

காகிதம். ஆமாம், அதுதான் எனக்கு வேண்டியது. இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்து இங்கேதான் இடிக்கிறது. படம் சுத்தமாக வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. காலையில் சாமி விளக்கு முன்னால் நின்றபோதுகூட வார்த்தை வரவில்லை, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இருட்டாக வந்தால் என்ன செய்வார்கள், தொடை வழியாகக் குழாய் விடுவார்களா, நெஞ்சைப் பிளப்பார்களா, ராத்திரி தூக்கத்திலேயே போய்விடுவேனா, பேத்தியோ பேரனோ பிறக்கப்போகிறதே அதைப் பார்க்காமல். ஆனாலும் அந்தப் பயத்துக்கும் அடியில், ஓர் ஓரமாவது இருட்டாக இருக்கட்டும் என்று ஒரு ஆசை உட்கார்ந்திருக்கிறது. இவள் சும்மா சொல்லவில்லை, இதோ, இந்த இடத்தில் அசந்துபோயிருக்கிறாள் என்று கலரில் ஒரு படம். இவர் அதை மஞ்சள் பையில் தேதி போட்டு வைத்துக்கொள்ளட்டும். காப்பி உள்ளே இருந்தால் அந்த மிஷினும் இவரோடு சேர்ந்துகொள்ளும், இவளுக்கு ஒன்றும் இல்லை என்று பளிச்சென்று எழுதிக் கொடுக்கும். அப்புறம் ஒரு வருஷம், இரண்டு வருஷம், நானே சொன்னாலும் என் வாய்க்கு மதிப்பிருக்காது. வியாழக்கிழமை ரயில், லேகியம், நாலு வயதுப் பையன், ராத்திரி மூன்று மணிக்குப் பால் குடிக்கும் குழந்தை, எந்த அடுப்படித் தரையிலாவது ஒரு நாள் நான் எழுந்திருக்கவே மாட்டேன், அப்போதும், போன வாரம்தான் படம் எடுத்தோம், ஒண்ணுமே இல்லையே என்பார்கள். இரண்டு மடக்குக்கு அவ்வளவு இருக்குமா. இருக்காது. இரண்டு மடக்கு என்றால் இருக்காது. சரி, நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், என்னிடமாவது. சீனி சரியாக இருக்கிறது என்று சொல்லி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன், இவர் பாதி குடித்துவிட்டு ஆட்டோக்காரர் போன் பண்ணினார் என்று மீதியை வைத்துவிட்டுப் போனார், நான் டம்ளரைக் கழுவத் தொட்டிக்குக் கொண்டுபோனேன், ஆறிப்போயிருந்தது, ஊற்றிவிடத்தான் சாய்த்தேன், சாய்த்தது வாய்க்குள் போயிற்று. முழுக்க. நினைவு வராமல் இல்லை. நினைவு வந்துதான் குடித்தேன். குடிக்காமல் குளித்துச் சேலை கட்டி இவ்வளவு படி இறங்கி வர என்னால் ஆகாது என்று தெரிந்துதான் குடித்தேன்.

“செண்பகவல்லி.” பியூலா கதவிலிருந்து கூப்பிட்டாள். இவர் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார், “பயப்படாத, அஞ்சு நிமிஷம்.” பெரியவர் முட்டை ஓட்டைக் காகிதத்தில் மடித்தபடி, “தைரியமாப் போங்கம்மா” என்றார். நாலு எட்டு. உள்ளே இன்னும் குளிர். ஒடுக்கமான கட்டில், தலைமாட்டில் பெரிய வளையம். படுத்துக்கொண்டேன். படுத்ததும் உடம்பு கட்டிலுக்குள் இறங்குவது போலிருந்தது, இப்படியே விட்டுவிட்டால் போதும் என்றிருந்தது, ஒரு வார்த்தை பேசாமல் இப்படியே. பியூலா நெஞ்சில் குளிர்ச்சியாக ஏதேதோ ஒட்டினாள், கையில் குழாயை மாட்டினாள். “மருந்து ஏறும்போது முகம் கொஞ்சம் சூடாகும், மூச்சு வாங்குற மாதிரி இருக்கும், ஓடுன மாதிரி. ரெண்டு மூணு நிமிஷத்துல சரியாயிரும். ஆரம்பிக்கவாம்மா?” ஓடின மாதிரி. இரண்டாம் வளைவில், மண்ணில் உட்கார்ந்துகொண்டு. என் வாய் மூடியே இருந்தது. அவள் விரல் மிஷினில் பொத்தான் மேல் போய்விட்டது. நான் குழாய் இல்லாத கையைத் தூக்கினேன், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவார்களே, அப்படி. “நான் காப்பி குடிச்சேன்மா.” அவள் விரலை எடுத்தாள். “எப்ப?” “காலையில. அஞ்சரை மணிக்கு. அரை டம்ளர்.” “உங்க வீட்டுக்காரர் ஒரு சொட்டுகூடன்னு...” “அவருக்குத் தெரியாது.” கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பெருமூச்சு விட்டு, ஒட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள். “நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. இன்னைக்கு எடுக்க முடியாதும்மா. வெள்ளிக்கிழமை ஒருத்தர் வரலைன்னுட்டாங்க, அந்த இடத்துல வாங்க, அன்னைக்குத்தான் மருந்து வரும்.” வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை ரயில் போய்விடும். போகட்டும். “சும்மா வாற அசதியா, இல்ல நெஞ்சுல இருந்து வாற அசதியான்னு தெரியணும் எனக்கு” என்றேன், அவள் கேட்காமலே. அவள் என் புறங்கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, “தெரியும்மா, படத்துல தெரியும்” என்றாள்.

வெளியே வந்ததும் இவர் எழுந்தார். “அதுக்குள்ள முடிஞ்சிட்டா?” பியூலாதான் சொன்னாள். இவருக்கு விளங்க நேரமாயிற்று. “எப்ப குடிச்ச நீ? நான் பாக்கலையே.” நீங்க வச்சிட்டுப் போனதைத்தான் என்றேன். இவர் முகம் சிவந்தது, பெரியவரையும் அவர் மகனையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அரை டம்ளர்தான? அதைப் போயி ஏன் சொன்ன? பேசாம இருந்திருந்தா நல்லபடியா வந்திருக்கும்லா, நாளன்னைக்கு ஊருக்குப் போயிருக்கலாம்லா.” நல்லபடியாக வந்திருக்கும். ஆமாம், வந்திருக்கும். என்னென்னவோ சொல்ல வாயில் வந்தது, முப்பத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. ஆனால் எனக்கு நிற்க முடியவில்லை. “எனக்கு முடியலைங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “வீட்டுக்குப் போயிப் படுத்துக்கிடலாம் வா.” வீட்டில் எங்கே படுப்பது, வீட்டில் அடுப்படி இருக்கிறது. அந்த ஸ்டீல் நாற்காலிகளிலேயே, மூன்றைச் சேர்த்து, அத்தனை பேர் பார்க்க, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தேன். சேலையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டேன். “எந்திரி செம்பா, ஆளுங்க பாக்காங்க” என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் இவர் கை என் தலையைத் தூக்கிற்று, அடியில் மஞ்சள் பையை வைத்தார், பதினாறு வருஷத்துக் காகிதம், தலைக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. “கோமதிக்கு ஒரு போன் பண்ணுங்க” என்றேன். “நீயே பேசு.” “நீங்க சொல்லுங்க.” எண்ணை அமுக்கும் சத்தம். மணி போகும் சத்தம் எனக்கே கேட்டது. “கோமதி, அப்பா பேசுதேன். இல்லம்மா, இன்னைக்குப் படம் எடுக்கலை. நாளன்னைக்கு அம்மா வரலை.” அந்தப் பக்கம் அவள் குரல் உயர்ந்தது. இவர் தொண்டையைச் செருமினார். “அம்மாவுக்கு முடியலை.” அம்மாவுக்கு என்ன, என்ன ஆச்சு என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “ஒண்ணும்...” என்று ஆரம்பித்தார், எப்போதும் ஆரம்பிப்பது போல. ஆரம்பித்து நின்றுவிட்டார். என் பாதத்திலிருந்து விலகியிருந்த சேலையைக் குனிந்து இழுத்துவிட்டார். “தெரியலைம்மா” என்றார் இவர். “வெள்ளிக்கிழமைதான் தெரியும்.”